ஆண்களின் மார்பு வீக்கத்துக்கு ஒப்பரேஷன்: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் பெனியனைக் கழற்றாமல் குளிக்கிற பையன் எந்தத் தோட்டத்திலும் ஒருவனாவது இருப்பான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அது நான்தான். 26 வயதில் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். விஷயம் காதோடு காதாகப் போய், ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கமிருந்து ஏழு பேர் இதுவரை என்னிடம் வழி கேட்டு வந்திருக்கிறார்கள். அதில் ஐந்து பேருக்கு வார்ட்டில் துணைக்கும் இருந்தேன்.

கத்திக்குப் பயந்து யாரும் தடுமாறவில்லை. வரிசை மாறித்தான் தடுமாறினார்கள். விலையை முதலில் கேட்டார்கள், இரத்தப் பரிசோதனையைக் கடைசியில் செய்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருப்பது என்று யோசிக்கவே இல்லை. அதனால் இதை வரிசைப்படி எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. படுத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள்

நெஞ்சு பெருத்திருப்பது கொழுப்பாலும் இருக்கலாம், பால்சுரப்பித் திசு வளர்ந்ததாலும் இருக்கலாம். சட்டைக்கு மேலே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். திசு வளர்ந்ததற்குத்தான் கைனகொமாஸ்டியா என்று பெயர்.

மல்லாக்கப் படுங்கள். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கத்திலும் வைத்து, காம்பை நோக்கி மெதுவாகக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசி வரைக்கும் மெத்தென்றே போனால் பெரும்பாலும் கொழுப்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? கொழுப்பு மட்டும் என்றால் உடம்பைக் குறைத்தால் நெஞ்சும் ஓரளவு குறையும். சுரப்பித் திசு எவ்வளவு ஓடினாலும் கரையாது. என்னோடு வந்தவர்களில் ஒருவர் வில்லையை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மலையேறி இறங்கி உடம்பைக் குறைத்தார். வயிறு போனது, நெஞ்சு அப்படியே நின்றது. இன்னும் எடுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

தொடும்போது இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: கல் மாதிரிக் கட்டி, காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளர்வது, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுபடுவது, காம்பிலிருந்து இரத்தம், அக்குளில் கட்டி. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். மொத்த மார்பகப் புற்றுநோயில் அது 1 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் ஆணுக்கு வராது என்று இருந்துவிடுவதால் பிந்திப்போய்க் கண்டுபிடிக்கிறார்கள்.

விரைகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அங்கே வரும் கட்டிகளில் சில ஹோர்மோனை மாற்றி மார்பைப் பெருக்கச் செய்யும். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பாருங்கள்.

2. வயதையும் மாதங்களையும் கணக்குப் போடுங்கள்

பருவ வயதில், அதாவது 13, 14 வயதில், பையன்களுக்கு மார்பு வீங்குவது சாதாரணம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். 15 வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு சர்ஜனிடம் ஓடினால் “பொறுங்கள்” என்றுதான் சொல்லி அனுப்புவார். அந்த வயதில் வெட்டினால் மிச்சமிருக்கும் திசு திரும்ப வளரவும் கூடும்.

18 தாண்டியும் வடியவில்லை, வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்றால் கதை வேறு. நாளாக நாளாகத் திசு நார்போல இறுகிவிடும். வந்த புதிதில், தொட்டால் வலிக்கிற கட்டத்தில், டாமொக்சிஃபென் போன்ற மாத்திரைகளைச் சில டொக்டர்மார் எழுதுவதுண்டு. இறுகிய பிறகு மாத்திரையால் பெரிய பலன் இல்லை. களிம்பால் எந்தக் கட்டத்திலும் பலன் இல்லை. போனில் விளம்பரம் பார்த்து எட்டு மாதம் களிம்பு வாங்கிப் பூசிய ஆள் எழுதுகிறேன்.

3. என்ன விழுங்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

இந்தத் தாளை டொக்டர் கேட்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். காரணம் மருந்தாக இருந்தால், நேரத்தோடு அதை மாற்றினாலே மார்பு வடியலாம். காரணத்தை விட்டுவிட்டு மார்பை மட்டும் வெட்டினால் திரும்ப வரலாம்.

மார்பைப் பெருக்கச் செய்யும் மருந்துகள் சில: ஈரல், இதய நோய்க்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலக்டோன், வயிற்றெரிவுக்கான சிமெடிடின், முடி உதிர்வுக்குச் சாப்பிடும் ஃபினஸ்டெரைட், பங்கசுக்கான (பூஞ்சைத் தொற்றுக்கான) கீட்டோகொனசோல் மாத்திரை, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன். இவற்றில் ஒன்றைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது ஜிம். உடம்பு ஏற்ற ஊசி, மாத்திரை என்று போடுவது பெரும்பாலும் அனபோலிக் ஸ்டிரொய்ட். அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறும். பெயர் ஒட்டாத டப்பாவில் “புரோட்டீன்” என்று வாங்கிச் சாப்பிட்டிருந்தாலும் எழுதுங்கள். ஒரு தம்பி ஜிம் ஊசியை என்னிடம் சொன்னான், டொக்டரிடம் மறைத்துவிட்டான். வெட்டி ஒன்பது மாதத்தில் வலது பக்கம் மறுபடி வில்லை கட்டியது.

சாராயம். ஈரல் கெட்டுப்போனால் ஹோர்மோன் சமநிலையும் கெடும். வாரத்துக்கு எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டு எழுதுங்கள்.

4. சர்ஜனுக்கு முன் பரிசோதனைகள்

தோட்ட டிஸ்பென்சரியில் இதற்கு எதுவும் செய்ய முடியாது. பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போய் சர்ஜிக்கல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். ஹட்டன் பக்கம் என்றால் கிளங்கன். மற்றவர்களுக்கு நாவலப்பிட்டி, நுவரெலியா, பதுளை. பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு வேண்டுமென்றால் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள். இதைப் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் செய்கிறார்கள். அரசாங்கத்தில் செய்தால் சிகிச்சை இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். புற்றுநோய், விபத்து, தீக்காயம் எல்லாம் போன பிறகுதான் நம்முடைய முறை. அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

டொக்டர் பொதுவாகக் கேட்கும் பரிசோதனைகள்: ஈரல், சிறுநீரகம், தைரொய்ட், பிறகு ஹோர்மோன்களான டெஸ்டொஸ்டிரோன், எல்.எச்., ஈஸ்ட்ரடயோல், புரொலக்டின், எச்.சி.ஜி. எல்லாம் எல்லோருக்கும் தேவைப்படாது. டெஸ்டொஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் இரத்தம் காலையிலேயே கொடுக்க வேண்டும். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, டவுனில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு, 11 மணிக்கு மேல் கொடுத்த இருவருக்கு மறுபடி எடுக்கச் சொன்னார்கள். முதல் நாளே டவுனில் யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். மார்பு ஸ்கேனும் சிலருக்கு விரை ஸ்கேனும் எழுதுவார்கள்.

பாஷைப் பிரச்சினையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல கிளினிக்குகளில் பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும். எப்போது தொடங்கியது, வலி உண்டா, என்ன மருந்து, என்ன தொந்தரவு என்று பத்து வரியில் எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு போங்கள். கூச்சத்தில் வாய் திறக்காதவனுக்கும் அந்தத் தாள் பேசும்.

5. யார் வெட்டப் போகிறார் என்று பாருங்கள்

காத்திருக்க முடியாதவர்கள் தனியாரில் செனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. அரசாங்கத்தில் இருக்கும் அதே நிபுணர்கள்தான் பெரும்பாலும் பின்னேரத்தில் அங்கே இருக்கிறார்கள். ஆனால் “அழகு நிலையம்” மாதிரி நடத்தும் இடங்களில் கவனம் வேண்டும்.

இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் அந்த டொக்டரின் பெயர் இருக்கிறதா, சத்திரசிகிச்சையிலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ நிபுணரா என்று பாருங்கள். தனியார் வைத்தியசாலைகளும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

நான் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்ட ஓர் இடம் உண்டு. பெயர் வேண்டாம். போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, “இரண்டு மணித்தியால வேலை, பின்னேரமே பஸ் ஏறலாம், அட்வான்ஸ் போடுங்கள்” என்றார்கள். தொட்டுப் பார்க்கவில்லை, இரத்தம் எடுக்கச் சொல்லவில்லை, யார் வெட்டுவார் என்று கேட்டதற்கு “எங்கள் டீம்” என்றார்கள். நான் அட்வான்ஸ் போடவில்லை. எனக்கு முன்னால் போட்டவர் ஒருவரைப் பிறகு சந்தித்தேன். அவருடைய இடது காம்பு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது.

அந்தக் குழி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் டொக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். காம்புக்கு அடியில் கொஞ்சம் திசுவை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். முழுக்கச் சுரண்டி எடுத்தால் காம்பு நெஞ்சுத் தசையோடு ஒட்டிக் குழிந்துவிடும். “எல்லாத்தையும் எடுத்துருங்க டொக்டர்” என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கேட்க வேண்டியவை: கொழுப்பை மட்டும் உறிஞ்சப் போகிறீர்களா, சுரப்பியையும் எடுப்பீர்களா? தழும்பு எங்கே வரும்? தோலையும் வெட்ட வேண்டி வருமா? எடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்புவீர்களா? இரவில் இரத்தம் கட்டினால் யாரைக் கூப்பிடுவது? வழக்கமாக 3, 4 மில்லிமீற்றர் துளை வழியாகக் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். பிறகு காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டி வில்லையை எடுப்பார்கள். நிறம் மாறும் கோட்டிலேயே வெட்டுவதால் தழும்பு ஒளிந்துகொள்ளும். மார்பு நன்றாகத் தொங்கிப்போனவர்களுக்குத் தோலையும் எடுக்க வேண்டிவரும், தழும்பும் நீளும்.

விலையைக் கேட்பது இந்த இடத்தில்தான். மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வராதீர்கள். சர்ஜன், மயக்க மருந்து டொக்டர், தியேட்டர், வார்ட், மருந்து, ஒப்பரேஷனுக்குப் பிறகு போடும் இறுக்கமான வெஸ்ட், திசு ஆய்வு, பிறகு காட்டப் போகும் நாட்கள் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். குறைந்த விலை சொன்ன இடத்தில் கடைசி மூன்றும் கணக்கில் இருக்கவில்லை.

6. ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை

சிகரட்டை நான்கு கிழமைக்கு முன் நிறுத்துங்கள், பின்னும் நான்கு கிழமை தொடாதீர்கள். நிக்கொட்டின் தோலின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒப்பரேஷனுக்குப் பிறகு காம்பு உயிரோடு இருப்பது அந்தச் சின்னக் குழாய்களை நம்பித்தான்.

வெற்றிலை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வருடக் கணக்காகப் பாக்குப் போட்டால் வாயின் உட்புறம் நாராகி, வாய் முழுதாகத் திறக்காது. முழு மயக்கம் கொடுக்கும்போது பெரும்பாலும் வாய் வழியாகத்தான் மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடுவார்கள். உங்கள் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மயக்க மருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆடும் பல் இருந்தாலும் சொல்லுங்கள். எங்களில் ஒருவருக்குத் தியேட்டர் வாசலில்தான் இது தெரியவந்தது. அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அஸ்பிரின், டிஸ்பிரின், டைக்ளோஃபெனக், ஐபுப்ரொஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துக் கஷாயம் எல்லாவற்றையும் டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் உறைவதை மந்தப்படுத்துபவை பல அதில் உண்டு. சாதாரண வலிக்குச் சாப்பிடுவதை ஒன்றிரண்டு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்கு அஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

தழும்பு தடிக்கும் உடம்பா என்றும் பாருங்கள். காது குத்திய இடம், கையில் பிசிஜி ஊசி போட்ட இடம் பொத்தான் மாதிரிப் புடைத்திருந்தால் டொக்டருக்குக் காட்டுங்கள். நெஞ்சு அப்படித் தடிக்கும் இடங்களில் ஒன்று.

மாதத்தைத் தெரிவு செய்ய முடிந்தால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு மழை பிடித்தால் எங்கள் பக்கம் துணி காயாது, வழுக்குப் பாதையில் விழுந்தால் தையல் போய்விடும், மண் சரிந்து ரோடு மூடினால் கிளினிக் நாள் தவறும். மலைநாட்டுக் குளிரில் ஒரு லாபமும் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் வெஸ்ட்டுக்குள் வெந்து போவார்கள், நமக்கு அது இதமாகவே இருக்கும்.

வீட்டில் என்ன சொல்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நான் அம்மாவிடம் “நெஞ்சில் கட்டி எடுக்கப் போறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். மூன்று நாள் அவர் அடுப்பே மூட்டவில்லை என்று தங்கச்சி பிறகு சொன்னாள். கட்டி என்றால் எங்கள் லயத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

7. பையில் என்ன வைப்பது

வெஸ்ட் இரண்டு. வார்ட்டில் பிரஷர் கார்மண்ட் என்பார்கள். காம்பு மட்டத்திலும் இடுப்பிலும் நாடாவால் அளந்து, டொக்டர் சொல்லும் அளவில் வாங்குங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சு முழுதாக இழுக்க வர வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கிய தம்பி அதைத் துவைத்து அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டான். காலையில் இலாஸ்டிக் சுருங்கி, புகைக்கரி ஏறி, கருவாட்டுத் துண்டு மாதிரிக் கிடந்தது.

முன்பக்கம் பொத்தான் வைத்த சேர்ட் மூன்று, சாரம், கிளினிக் கொப்பி, எல்லா ரிப்போர்ட்டும், அடையாள அட்டை. தலைவழியாகப் போடும் டீசேர்ட் வேண்டாம், கையைத் தூக்க முடியாது.

8. ஒப்பரேஷன் நாள்

திடமான சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன். இது பொதுக் கணக்கு. உங்கள் வார்ட்டில் இன்னும் கூடச் சொன்னால் அதுதான் சட்டம். நம்மவர்கள் சறுக்குவது தேத்தண்ணியில். பால் கலந்த தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். பால் இல்லாத பிளேன்டீதான் தண்ணீர்க் கணக்கு. ஒருவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் பாசத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு கோப்பை பால்தேத்தண்ணி கொடுத்தார். மிஸி (தாதி) கேட்டபோது “சாப்பிடவே இல்லை மிஸி, தேத்தண்ணிதான்” என்றார். அன்றைய லிஸ்டிலிருந்து பெயரை வெட்டினார்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு.

சம்மதப் பத்திரம் விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் விளக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து என்ற மூன்றும் உங்களுக்குத் தமிழில் சொல்லத் தெரிய வேண்டும்.

மயக்கம் கொடுக்கும் முன் சர்ஜன் வந்து, உங்களை நிற்கவைத்துப் பேனாவால் நெஞ்சில் கோடு போடுவார். படுத்தால் மார்பு பரந்துவிடும், எவ்வளவு எடுப்பது என்று தெரியாது. எனக்கு நீல மையால் வட்டத்துக்குள் வட்டமாக, வரைபடத்தில் மலை வரைகிற மாதிரிப் போட்டார். பத்து வருடம் யாருக்கும் காட்டாத நெஞ்சை, ஐந்து பேர் பார்க்கச் சட்டையில்லாமல் காட்டிக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் எனக்கும் பழகிவிட்டது.

9. முதல் 48 மணித்தியாலம்

அன்றே பஸ் ஏறாதீர்கள். முதலில் வரக்கூடிய சிக்கல் உள்ளே இரத்தம் கட்டுவது. அது பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு நாள் வார்ட், அல்லது கண்டியில் தெரிந்த வீடு.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்பி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் இரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் என்றாலும் இதே பேச்சு.

உள்ளே சேரும் இரத்தமும் நீரும் வடிவதற்கு டிரெய்ன் குழாய் வைத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். முதுகைச் சாய்வாக வைத்து மல்லாக்கத் தூங்குங்கள், வீக்கம் குறையும். அன்று மாலையே எழுந்து மெதுவாக நடங்கள், படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். வலிக்கு டொக்டர் எழுதியதை மட்டும் எடுங்கள்.

வெளியே வரும்போது டயக்னோசிஸ் கார்டையும் (நோய், சிகிச்சை எழுதிய அட்டை) மெடிக்கலையும் (வேலைக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழ்) கையோடு வாங்குங்கள். பிறகு வாங்குவதற்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தால் மட்டும் ஏறுங்கள். நின்றுகொண்டு வந்தால் மேல்கம்பியைப் பிடிக்கக் கை உயரும், பிரேக் அடிக்கும்போது முழு உடம்பும் அந்தக் கையில் தொங்கும்.

10. லயத்தில் ஆறு கிழமை

வெஸ்ட்டை முதல் இரண்டு மூன்று கிழமை இரவும் பகலும் போட வேண்டும், பிறகு பகலில் மட்டும். மொத்தம் நான்கிலிருந்து ஆறு கிழமை. திசு எடுத்த இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கும். வெஸ்ட் தோலை அழுத்திப் பிடிக்காவிட்டால் அங்கே நீர் சேரும். மடிப்பு விழாமல் இழுத்துவிடுங்கள், மடிப்பு விழுந்த இடத்தில் தோலிலும் கோடு விழும்.

குளியலை டொக்டர் சொல்லும் நாளில் தொடங்குங்கள். தொடங்கினாலும் பீலிக்குப் போக வேண்டாம், அந்தத் தண்ணீர் நேராக நெஞ்சில் அறையும். வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள். காயத்தை ஒற்றித் துடையுங்கள்.

சூட்டில் கவனம். மாதக் கணக்கில் காம்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கும். குளிருக்குச் சுடுதண்ணிப் போத்தலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தூங்கினால் தோல் வெந்தாலும் தெரியாது. அடுப்புப் புகையில் உட்கார்ந்து இருமுவதும் கூடாது, இருமல் உள்ளே இரத்தக் கசிவைக் கிளப்பும்.

முதல் இரண்டு கிழமை முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. மேசை வேலைக்கு ஒரு கிழமையில் போகலாம். ஓட்டோ ஓட்டுபவர்கள் மூன்று கிழமை பொறுங்கள், மலை ரோட்டில் ஹேண்டில் திருப்புவது முழுக்க நெஞ்சு வேலை. கவ்வாத்து, உர மூட்டை, கொழுந்துச் சாக்கு, மருந்து டேங்க், விறகு, ஜிம் எல்லாம் ஆறு கிழமைக்குப் பிறகு, அதுவும் டொக்டர் சரி என்றால். நான் ஐந்தாம் நாள் தண்ணிக் கேனைத் தூக்கினேன், ஒரு கையால்தானே என்று. மறுநாள் வலது பக்கம் தண்ணீர்ப் பை மாதிரி ஆடியது. கண்டிக்குப் போய் ஊசியால் நீர் எடுத்தார்கள், மூன்று கிழமையில் இரண்டு தடவை.

11. கண்ணாடி பார்க்கும் நேரம்

முதல் மாதம் பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் பார்ப்பீர்கள். நீலம், மஞ்சளாக மாறும் கண்டல் இரண்டு மூன்று கிழமை இருக்கும். உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும், அதில் பெரும்பகுதி குணமாகும் திசுதான். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. ஆறாம் கிழமையில் “அண்ணே, எனக்கு ஒண்ணும் கொறையல” என்று போன் எடுக்காதவர் எங்கள் ஏழு பேரில் ஒருவரும் இல்லை. உருவம் நிலைக்கு வர மூன்றிலிருந்து ஆறு மாதம், தழும்பு வெளுக்க ஒரு வருடம் வரை. மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும்.

காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாவது, சீழ், நாற்றம், காம்பு கறுத்துப்போவது என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

திசு ஆய்வு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குவதுதான் கடைசி வேலை. சில கிழமையில் வந்துவிடும். தானாக வீட்டுக்கு வராது. ஏழு பேரில் மூன்று பேர் இதை மறந்தே போனார்கள், நான் போன் எடுத்து நச்சரித்த பிறகுதான் போய் எடுத்தார்கள். டொக்டரிடம் காட்டி, விளங்கிக்கொண்டு, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். லயத்துக் கூரையில் ஒழுக்கு இருந்தால் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.